கொல்லையில் நிற்கும் முதுமரங்களும் மழைக்கால அபாயமும்

வீட்டைச் சுற்றி மரம் வைத்து வளர்ப்பது நம் குடியானவர்களின் நெடுநாளைய வழக்கம். கொல்லையில் நாலு தென்னையும், கிணற்றடியில் ஒரு முருங்கையும், வாசலில் ஒரு வேம்பும், மாட்டுக் கொட்டிலுக்கு நிழலாக ஒரு பூவரசும் இல்லாத வீட்டை வீடென்று சொல்ல நம்மவர் மனம் ஒப்புவதில்லை. இவ்வழக்கம் போற்றத்தக்கதே. ஆயினும் மரத்திற்கும் முதுமையும் நோயும் உண்டு என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். தோப்பில் ஒரு மரம் விழுந்தால் நஷ்டம் அம்மரத்தோடு போகும். அதுவே உறங்குகிறவர்களின் கூரைமேல் விழுந்தால் போவது உயிர்.

30-12-2011 அன்று கடலூர்ப் பக்கத்தில் வீசிய தானே புயலில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. 16-11-2018 அன்று வேதாரணியத்திற்கு அருகே கரை கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய இடங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் விழுந்தன. இவற்றுள் நோயற்ற நல்ல மரங்களும் பல. பெரும்புயலை எதிர்த்து நிற்கும் என்று எம்மரத்தைப் பற்றியும் உறுதி கூற இயலாது. ஆனால் வேர் அழுகி, உள்ளே பொந்து விழுந்து நிற்கும் மரம் சாய்வதற்குப் புயல் வேண்டியதில்லை. ஐப்பசி மாதத்துச் சாதாரண மழைக்காற்றே போதும். அத்தகைய மரத்தைக் காற்று தள்ளுமுன் நாமே இறக்கிவிடுதல் வேண்டும்.

பரீட்சிக்கும் விதம்

வயது முதிர்ந்தது என்பதற்காக மட்டும் ஒரு மரத்தை வெட்டலாகாது. நூறாண்டு கண்ட புளியமரம் உறுதியாக நிற்பதும், இருபதாண்டு முருங்கை ஒரு காற்றில் பிளப்பதும் நாம் காண்பதே. ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டுக்காரர் ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து, அடியிலிருந்து நுனிவரை பார்த்தல் அவசியம். கவனிக்க வேண்டிய குறிகள் வருமாறு:

1. அடிமரத்தைச் சுற்றிய மண்ணில் புதிதாக வெடிப்போ மேடோ தோன்றியிருத்தல். இது வேர் பிடிப்பு இழந்ததற்கு அறிகுறி.

2. நேராக நின்ற மரம் அண்மையில் சாயத் தொடங்கியிருத்தல். இளமையிலேயே சாய்ந்து வளர்ந்து, பின்னர் தலை நிமிர்ந்த மரத்தைப் பற்றி இவ்வளவு அச்சம் வேண்டாம்.

3. அடிமரத்திலோ வேரிலோ காளான் பூத்திருத்தல். வெளியே காளான் தெரியும்போது உள்ளே அழுகல் வெகுவாகப் பரவியிருக்கும்.

4. மரச்சுத்தியால் தட்டினால் பறை போல வெற்றொலி கேட்டல்.

5. உச்சிக் கிளைகள் பட்டுப்போதல். இரு பெருங்கிளைகள் பிரியும் கவட்டில் பிளவு காணுதல்.

6. அஸ்திவாரத்திற்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டியபோது ஒரு பக்கத்துப் பெருவேர்கள் அறுபட்டிருத்தல்.

இக்குறிகளுள் ஒன்று கண்டாலும் அனுபவமுள்ளவரைக் கொண்டு பார்க்கவேண்டும். இரண்டு மூன்று சேர்ந்து கண்டு, மரம் சாயும் திசையில் வீடோ கொட்டிலோ பாதையோ இருக்குமாயின் காலதாமதம் கூடாது.

தென்னையின் தனித்தன்மை

மா, வேம்பு போன்ற மரங்களில் காயம் பட்டால் பட்டை வளர்ந்து நாளடைவில் அதை மூடும். தென்னைக்கு அச்சக்தி இல்லை. ஏறுவதற்காக வெட்டிய படி ஆயுள் முழுவதும் அப்படியே இருக்கும். அதில் மழைநீர் தங்கி அழுகலுக்கும் சிவப்புக் கூன்வண்டுக்கும் இடமாகும். எனவே படி வெட்டிய பழைய தென்னைகளைச் சந்தேகத்துடனேயே நோக்கவேண்டும்.

1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவில் காணப்பட்டதால் தஞ்சாவூர் வாடல் எனப் பெயர் பெற்ற நோய் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்வது. அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடிவதும், கீழ்மட்டைகள் மஞ்சளித்துத் தொங்குவதும் இதன் குறிகள். நோய் முற்றிய மரத்தைப் பிழைப்பிக்க வழியில்லை. “இன்னும் பத்துக்காய் காய்க்கிறதே” என்று அதை வீட்டோரம் நிறுத்தி வைப்பது ஆதாயமாகாது.

இறக்கும் காலமும் முறையும்

சம்பா அறுவடை முடிந்து ஆட்கள் கிடைக்கும் மாசி முதல் வைகாசி வரையிலான காலமே இதற்கு ஏற்றது. ஆடிக்காற்றிலும், தண்டு வழுக்கும் மழைநாளிலும் இவ்வேலையைத் தொடவே கூடாது.

வீட்டுக்கொல்லையில் மரத்தை அடியோடு வெட்டிச் சாய்ப்பதற்கு வேண்டிய வெளி அநேகமாக இராது. மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரம்வரை எவரும் நிற்காதிருக்க இடமிருந்தாலன்றி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே தக்கது. தென்னையில் முதலில் குலைகளையும் மட்டைகளையும் கழித்து, பின்னர்த் தண்டை ஐந்தாறு அடித் துண்டுகளாக அறுத்துக் கயிற்றில் இறக்கவேண்டும். கிளை மரங்களில் கிளையின் அடிப்புறத்தைச் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகே மேலிருந்து அறுக்கவேண்டும். இல்லையேல் பாதி அறுபட்ட கிளை தன் பாரத்தால் முறிந்து, பட்டையை உரித்துக்கொண்டு அறுப்பவர் மேலேயே விழும்.

அடி அழுகிய மரத்தில் எக்காரணத்தாலும் ஆளை ஏற்றலாகாது. ஏறியவரின் பாரமும் வெட்டின் அதிர்ச்சியும் சேர்ந்து மரத்தை அவருடன் சாய்த்துவிடும். கூலி அதிகமானாலும் கிரேன் கொண்டு இறக்குவதே இங்கு முறை. மின்கம்பி அருகில் இருந்தால் மின்வாரிய அலுவலகத்திற்கு எழுதி, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே வேலையைத் தொடங்கவேண்டும். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை ஆட்களுக்கு முன்னதாகவே சொல்லிவைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

புறம்போக்கில் நிற்கும் மரம் சர்க்காருக்குரியது. அது வீட்டின்மேல் சாய்ந்திருந்தாலும் வீட்டுக்காரர் தாமே வெட்டலாகாது. எழுத்து மூலம் கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவிக்கவேண்டும். அவ்வித மனு வந்தால் மழைக்காலத்திற்கு முன்பே மேலிடத்திற்கு அனுப்பி உத்தரவு பெறுவது அதிகாரிகளின் கடமை. சொந்த நிலத்தில் உள்ளதாயினும் சந்தனமரத்தை வனத்துறையின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

அண்டை வீட்டாரின் மரம் அபாயமாக நின்றால் முதலில் நயமாகச் சொல்லிப் பார்ப்பதே நன்று. உடன்படாதபோது, 1-7-2024 முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ், விழுந்து பிறருக்குத் தீங்கு செய்யக்கூடிய மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட நிர்வாக நடுவருக்கு அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 133-ஆம் பிரிவாக இருந்தது.

வெட்டிய பின்

மரத்தை வெட்டியதோடு வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவது பெருந்தவறு. மட்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. அங்கே வளர்ந்து வெளிவரும் வண்டு, நல்ல தென்னைகளின் குருத்தைக் குடைகிறது. ஒரு நோய்மரத்தின் கட்டையைக் கொல்லையில் போட்டுவைத்தவர் பக்கத்துத் தோப்புக்கும் கேடு தேடித் தருகிறார். ஆகையால் அடிக்கட்டையைத் தூருடன் தோண்டி எடுத்துவிடவேண்டும். எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிப்பதுடன், மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சாணத்தை அதில் கலப்பதும் பயன் தரும். வாடல் நோய்கண்ட தென்னையாயின் வேரையும் அடித்தண்டையும் அங்கேயே எரித்துவிடுவது நலம்.

நோயற்ற முதிர்ந்த தென்னையின் அடிப்பாகத்து வெளிமரம் கெட்டியானது; கைமரத்திற்கு உதவும். வேம்பும் பூவரசும் நல்ல விலைக்குப் போகும். காற்றில் முறிந்து சிதைந்த மரத்திற்கு இவ்விலை கிடைப்பதில்லை.

ஒரு மரத்தை எடுத்தால் ஒன்றுக்கு இரண்டாக வைப்பது கடமை. தென்னங்கன்றை மூன்றடி நீளம், அகலம், ஆழமுள்ள குழியில், சுவரிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளியும், கன்றுக்குக் கன்று இருபத்தைந்தடி இடைவெளி விட்டும் நடவேண்டும். கன்று சிறிதாயிருக்கும்போது இவ்விடைவெளி வீணாகத் தோன்றும். மட்டை பதினைந்தடிக்கு மேல் விரியும் காலத்தில் அதன் அருமை விளங்கும்.

முன்னோர் வைத்த மரத்தை வெட்ட மனம் வராதது இயல்பே. ஆனால் அவர்கள் அம்மரத்தை வைத்தது தம் சந்ததியின் நன்மைக்காக. அதே சந்ததியின் தலைமேல் அது விழும் நிலையில் நிற்கும்போது அதை இறக்கிவிட்டு, தக்க இடத்தில் வேறொரு கன்றை வைப்பதே அவர்கள் எண்ணத்தை நிறைவேற்றுவதாகும். வருகிற மழைக்காலத்திற்கு முன்பாக ஒவ்வொரு குடியானவரும் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, தம் கொல்லையை ஒருமுறை சுற்றிவருவாராக.