சந்தேகம் வந்தால் அழுத்துங்கள்

2011 செப்டம்பர் 29. ஜப்பானின் சைத்தாமா நகரில் ஒரு தொடக்கப் பள்ளி. ஓட்டப் பயிற்சியில் ஆயிரம் மீட்டர் ஓடி முடித்த ஆறாம் வகுப்புச் சிறுமி அப்படியே சரிந்து விழுந்தாள். ஆசிரியர்கள் ஸ்ட்ரெச்சரில் வைத்து மருத்துவ அறைக்குத் தூக்கிச் சென்றார்கள், ஆம்புலன்ஸை அழைத்தார்கள். நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏ.இ.டி. கருவி பள்ளியிலேயே இருந்தது. ஆனால் யாரும் அதை எடுக்கவில்லை. நாடியும் மூச்சும் இருப்பதாகவே நினைத்தார்கள். சுமார் 11 நிமிடம் கழித்து ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வந்து பார்த்தபோது இதயம் நின்றிருந்தது. மறுநாள் அவள் இறந்துபோனாள்.

ஆசிரியர்களின் அலட்சியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. இதயம் நின்றவுடன் மூச்சும் எப்போதும் சட்டென்று நின்றுவிடுவதில்லை. மூளைத்தண்டில் மிச்சமிருக்கும் உயிர்ப்பால் சில நிமிடங்கள் வரை விட்டுவிட்டு மூச்சு இழுக்கும். வாய் திறந்து மூடும். கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவருக்கு ‘மூச்சு இருக்கிறது’ என்றோ ‘வலிப்பு’ என்றோதான் தோன்றும். நம் ஊராக இருந்தால் யாராவது சாவிக்கொத்தைத் தேடி ஓடியிருப்பார்கள். நாடி பார்ப்பதும் நம்பகமான வழியல்ல. பதற்றத்தில் தன் விரல் துடிப்பையே பிள்ளையின் நாடி என்று எண்ணிவிடலாம். பொதுமக்கள் நாடி பார்க்கத் தேவையில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2000இலேயே சொல்லிவிட்டது.

பிள்ளைகளின் இதயம் இப்படித் திடீரென நிற்பது பெரும்பாலும் ரத்தக்குழாய் அடைபடும் மாரடைப்பு அல்ல. இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகிப்போவது. கீழறைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் புழுக்கூட்டம்போல நெளிகின்றன, ரத்தம் வெளியேறுவதில்லை. இதயத் தசை தடித்திருப்பது, இதயத்தின் ரத்தக்குழாய் பிறவியிலேயே இடம் மாறியிருப்பது, மின்னோட்டத்தில் பரம்பரைக் கோளாறு என்று பிள்ளைகளிடம் இதற்குப் பல காரணங்கள் உண்டு. துடிப்பின் குறிப்பிட்ட ஒரு கணத்தில் பந்து வந்து மார்பில் பட்டால், நல்ல இதயமும் நின்றுவிடக்கூடும். மார்பை அழுத்தாமலும் மின்னதிர்ச்சி தராமலும் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது.

சைத்தாமா நகரக் கல்வி வாரியமும் சிறுமியின் பெற்றோரும் சேர்ந்து 2012இல் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றை உருவாக்கினார்கள். சிறுமியின் பெயரால் ‘ஆசுகா மாடல்’ என்று அழைக்கப்படும் அதன் உயிர்நாடி ஒரே ஒரு மாற்றம்தான். இயல்பாக மூச்சு விடுகிறாரா என்ற கேள்விக்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்ற பதில்களோடு ‘தெரியவில்லை’ என்பதையும் சேர்த்தார்கள். தெரியவில்லை என்றால், இதயம் நின்றுவிட்டதாகவே கொண்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும், ஏ.இ.டி.யைக் கொண்டுவர வேண்டும். ஜப்பானின் முதலுதவி வழிகாட்டு நெறிகளும் 2015இல் இதே வழிக்கு வந்தன.

துடிக்கும் இதயத்தைத் தவறுதலாக அழுத்திவிட்டால்? பெரிய காயம் ஏற்படுவது மிக அரிது. ஏ.இ.டி.யோ இன்னும் எச்சரிக்கையானது. மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் பேசத் தொடங்கும். வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்ட வேண்டும். ‘யாரும் தொடாதீர்கள்’ என்று சொல்லி இதயத் துடிப்பைக் கருவியே ஆராயும். தேவையில்லை என்றால் மின்னதிர்ச்சி தராது. முடிவெடுக்கும் பாரம் ஆசிரியர் தலையில் இல்லை.

பிறகு தேவைப்படுவது ஒத்திகை. ஒருவர் மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரிய பிள்ளைகளுக்கு 5 சென்டிமீட்டர் ஆழம். இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்க, வேறொருவர் கருவிக்கு ஓட, மற்றொருவர் வாசலில் நின்று வழிகாட்ட வேண்டும். விழுந்த பிள்ளையை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. கருவிதான் மைதானத்துக்கு வர வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளுக்காக 1999இல் விஸ்கான்சினில் தொடங்கிய ‘புராஜெக்ட் ஆடம்’ திட்டமும் இத்தகைய ஒத்திகையை வலியுறுத்துகிறது. விழுந்ததிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் மின்னதிர்ச்சி கொடுத்துவிட வேண்டும் என்பது இலக்கு. கருவி தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடந்தால் அந்த மூன்று நிமிடம் சாவி தேடுவதிலேயே போய்விடும். எனவே கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை பாருங்கள். நேரம் தாண்டினால், பெட்டியின் இடத்தை மாற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள்.