கணக்கைக் கொடுப்பவர் யார்?

பள்ளிக்கூடத்தில் நாமெல்லோரும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு தொட்டி, அதை நிரப்ப ஒரு குழாய், காலி செய்ய ஒரு குழாய். எத்தனை மணி நேரத்தில் தொட்டி காலியாகும்? விடை தவறினால் வாத்தியார் பிரம்பைத் தேடுவார். தொட்டியில் இருப்பது என்ன என்று நாமும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தண்ணீர் என்றே எண்ணிக்கொண்டோம். உள்ளே இருப்பது மலம் என்றால்? அடியில் அது இறுகிப் பாறையாகக் கிடந்து, எந்தக் குழாய்க்கும் அசையவில்லை என்றால்? ஒரு மனிதன் இறங்கிக் கிளறவேண்டும். இறங்கியவன் ஏறி வராமலே போகலாம். அந்தக் கணக்கை எந்தப் பாடப்புத்தகமும் நமக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் கணக்கை எடுத்துப் போட்ட ஒரு மாணவரைப் பற்றிச் சொல்லத்தான் இன்று பேனாவை எடுத்தோம். அதற்கு முன் கொஞ்சம் சுற்றிவரவேண்டும், தோழர்கள் பொறுத்தருள்க.

பொறியியற் கல்லூரிகளில் எங்கு திரும்பினும் இன்று ஒரே பேச்சு: கம்பெனியும் கல்லூரியும் கைகோக்க வேண்டும், மாணவன் ஏட்டுச் சுரைக்காயை வைத்துக்கொண்டு நிற்காமல், தொழிலில் உள்ள மெய்யான சிக்கல் ஒன்றை எடுத்துத் தீர்த்துக் காட்டவேண்டும். நல்ல பேச்சுதான். உளி பிடிக்காத கை தச்சனாகாது என்பதை நம் பாட்டாளித் தோழர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சு புதிதுமன்று. அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற ஆசிரியர் 1906-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார். மாணவர்கள் சில காலம் வகுப்பறையில், சில காலம் தொழிற்சாலையில். தொழிற்சாலையில் நின்ற நாளுக்குக் கூலி உண்டு. ஆம், கூலி! இந்த ஒரு சொல்லைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பிறகு வருவோம்.

நம் சென்னையில் 1959-ஆம் ஆண்டு, அடையாற்றுக்கும் கிண்டிக்கும் இடையே உள்ள காட்டு நிலத்தில், மேற்கு ஜெர்மனியின் உதவியோடு எழுந்தது ஐ.ஐ.டி. அதே வளாகத்தின் அருகே, தரமணிப் பக்கம், 2010-இல் ஆராய்ச்சிப் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. அங்கே இடம் பிடிக்கும் கம்பெனி வாடகையை மட்டும் கட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள முடியாது. ஆசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து வேலை செய்து அதற்கான புள்ளிகளைச் சேர்த்துக் காட்டவேண்டும். நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம்.

ஆனால் ஐ.ஐ.டி. மதிலுக்கு வெளியே நிலைமை என்ன? தியாகராய நகர்ப் பக்கம் மாடிகளை அண்ணாந்து பாருங்கள். துணிக்கடைப் பலகைகளுக்கு நடுவே 'பிராஜெக்ட் சென்டர்' பலகைகள் தொங்கும். இறுதியாண்டு மாணவன் படியேறிப் போவான், பணத்தைக் கட்டுவான், ஆயத்தமாகச் செய்து வைத்த பிராஜெக்டும் அச்சடித்த அறிக்கையும் அவன் கைக்கு வரும். தீபாவளிக்குச் சட்டை வாங்குவதைப் போல! அப்பன் ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பணத்தில் மகன் விலைக்கு வாங்கும் அறிவு அது. மாணவனை மட்டும் குறைசொல்ல மாட்டோம். அவனிடம் வந்து, 'தம்பி, இந்தா ஒரு சிக்கல், தீர்த்துக் கொடு' என்று எவரும் கேட்டதில்லை. கேள்வி கிடைக்காதவன் விடையை விலைக்கு வாங்குகிறான்.

கேள்வியோடு வருபவர் யார்? பெரும்பாலும் கம்பெனிக்காரர். அவர் கொண்டுவரும் கணக்கு அவருடைய லாபத்தின் கணக்காகத்தானே இருக்கும்? சாமான் கொண்டுபோகும் பையன் இன்னும் ஒரு நிமிடம் முன்னதாகப் போய்ச்சேர எந்தத் தெருவழி குறுக்கு? பத்துப் பேர் பார்க்கும் வேலையை ஆறு பேரை வைத்து முடிப்பது எப்படி? அறிவுள்ள பிள்ளை இரவெல்லாம் கண்விழித்துத் தீர்த்துக் கொடுக்கிறான். பரிசுக் காசோலையைப் பெரிய அட்டையில் எழுதிப் படம் பிடிக்கிறார்கள். வேலை இழக்கும் நான்கு பேர் அந்தப் படத்தில் இருப்பதில்லை. இதையும் 'மெய்யுலகச் சிக்கல்' என்றே அழைக்கிறார்கள். யாருடைய மெய்? யாருடைய உலகம்?

இனி, சொல்ல வந்த கதைக்கு வருவோம்.

ஐ.ஐ.டி.யின் எந்திரவியல் துறையில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் என்பவர். அவரிடம் முதுகலைப் பட்டத்துக்கான இறுதியாண்டுப் பணியைச் செய்த மாணவர் திவான்ஷு குமார். அவர் எடுத்துக்கொண்டது மலக்குழி. நம் வீடுகளின் பின்புறம் மூடிபோட்டு நாம் மறந்துவிடும் அந்தக் குழிதான்!

குழியின் இயல்பைக் கவனியுங்கள். மேலே நுரையும் மிதவையும், நடுவே கலங்கிய நீர், அடியில் ஆண்டுக்கணக்காகப் படிந்து இறுகிய சேறு. உறிஞ்சு லாரி வந்தால் நடுவில் உள்ள நீரை இழுத்துக்கொண்டு போய்விடும். அடிச்சேறு அசையாது. அதைக் கழிகொண்டு குத்திப் பார்ப்பார்கள். முடியாதபோது ஆளை இறக்குவார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுக்காற்று தேங்கியிருக்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடித்து எச்சரிக்கும். மிகுந்துவிட்டாலோ மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க இறங்குபவனும் விழுகிறான். ஒரே குழியில் இருவர், மூவர் என்று பிணங்கள் வெளிவருவதைச் செய்தித்தாளில் நாம் படிப்பது இதனால்தான்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1993-இல் ஒன்று, 2013-இல் அதைவிடக் கடுமையாக இன்னொன்று. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் தொடுத்த வழக்கில், 1993 முதல் இப்படி மாண்டவர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, குழியில் இறக்குவது ஓயவில்லை. சாதியின் பேரால் யாரை இறக்கலாம் என்று இந்த நாடு என்றோ முடிவு செய்துவிட்டது. அந்த முடிவை மாற்றத் தீர்ப்புத்தாள் மட்டும் போதவில்லை.

மாணவர் செய்த எந்திரத்தின் பெயர் ஹோமோசெப். குடையை மடக்கி நுழைப்பதுபோல் குழியின் குறுகிய வாயில் வழியாக அதை இறக்குவார்கள். உள்ளே போனபின் அதன் கத்திகள் குடைபோல் விரிந்து சுழலும். இறுகிய சேறு கலங்கிக் கூழாகும். கூழான பிறகு உறிஞ்சுவது எளிது. மனிதன் மேலே, மண்ணில் கால் ஊன்றி நின்று எந்திரத்தை ஓட்டுவான். இவ்வளவுதான் சூட்சுமம். சந்திரனுக்கு ராக்கெட் விடும் நாட்டில் இந்தக் குடையை விரிக்க 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

2019-இல் மாணவர்களுக்கான போட்டி ஒன்றில் இதன் முதல் வடிவம் காட்சிக்கு வந்தது. சோலினாஸ் என்ற கம்பெனியைத் தொடங்கியவர்களில் அந்த மாணவரும் ஒருவர். பேராசிரியர் விடவில்லை, பொதுத்துறையைச் சேர்ந்த கெயில் உள்ளிட்ட நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும் வந்தது. (அதை வள்ளன்மை என்று யாரும் எண்ணவேண்டாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் காணும் கம்பெனிகள் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கை இப்படிச் செலவிடவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம்.) 2022-இல், தமிழ்நாட்டில் பத்து எந்திரங்களை இறக்குவது என்று திட்டமிட்டார்கள். முதல் இரண்டு எந்திரங்கள் போய்ச்சேர்ந்த இடத்தைக் கேளுங்கள்: துப்புரவுப் பணியில் கணவனைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் தலைமை ஏற்ற சுய உதவிக் குழுக்கள். அந்தக் கைகளைத் தேடிக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் சஃபாய் கர்மசாரி ஆந்தோலனுக்குப் பங்கு உண்டு. எந்திரம் வந்தால் தொழிலாளியின் வயிற்றில் அடிக்கும் என்பது நாம் கண்ட அனுபவம். இங்கே எந்திரத்தின் சாவி தொழிலாளி குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது. கணக்கைக் கொடுத்தவர் மாறியபோது விடையும் மாறிற்று.

கேரளத்திலும் இப்படி ஒன்று நடந்தது. 2015-இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடையில் விழுந்த இரண்டு தொழிலாளரைக் காப்பாற்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர் இறங்கினார், மூவரும் மாண்டனர். குற்றிப்புரம் பொறியியற் கல்லூரியில் படித்த இளைஞர்கள் அதன்பின் வடித்ததுதான் 'பாண்டிகூட்' என்ற எந்திரம். 2018-இல் திருவனந்தபுரத்தில் சாக்கடைக்குள் இறங்கிற்று. அங்கே முன்நின்றவை மாநிலக் குடிநீர் வாரியமும் மாநில அரசின் புதுத்தொழில் அமைப்பும். வாங்க ஆள் உண்டு என்ற உறுதி இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல எந்திரமும் கண்காட்சியில் நின்று துருப்பிடிக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2019-க்கும் 2022-க்கும் இடையே மூன்று ஆண்டுகள். இரண்டு மாதப் பயிற்சி என்று சொல்லி மாணவனை அழைத்து, ஒரு மேசையும் அடையாள அட்டையும் கொடுத்து, சான்றிதழோடு வழியனுப்பும் கம்பெனிகளிடம் இந்த மூன்று ஆண்டுப் பொறுமை கிடைக்குமா? ஷ்னைடர் 1906-இல் கொடுக்கச் செய்த கூலி கிடைக்கிறதா? சில இடங்களில் கிடைக்கிறது. பல இடங்களில் 'அனுபவம்தான் தம்பி கூலி' என்கிறார்கள். இன்னும் கொடுமை, பயிற்சிக்கு மாணவனிடமே பணம் கேட்கும் கடைகளும் உண்டு. மாணவன் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்பதைக் கையெழுத்துப் போடும்முன் படித்துப் பார்க்கவும் அவனுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. நம் தோழர்களின் பிள்ளைகள் பலர் இன்று பொறியியல் படிக்கிறார்கள். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். சங்கத்தில் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நம்மிடமும் கணக்குகள் இருக்கின்றன அல்லவா? கட்டட வேலையில் சாரத்தின் முடிச்சு அவிழ்வது, மீன் சந்தையில் பனிக்கட்டி தூக்கும் பெண்ணின் இடுப்பு, பட்டறை இரைச்சலில் நாற்பது வயதில் செவிடாகும் காது. இவற்றை எழுதி எந்தக் கல்லூரிக்கு அனுப்பினோம்? ஆடை தைப்பவரும் ஆட்டோ ஓட்டுபவரும் தம் தொழிலின் சிக்கலைச் சொன்னால், கிண்டியிலும் அடையாற்றிலும் காதுகொடுக்கும் ஆசிரியர்கள் நிச்சயம் இருப்பார்கள். கம்பெனிக்காரர் கதவைத் தட்டுகிறார், கேட்கப்படுகிறார். நாம் இன்னும் தட்டவில்லை.

மயிலாப்பூர்க்காரத் தோழர்கள் ஒன்றிலிருந்து தொடங்கலாம். மாடவீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளை அவர்கள் அறிவார்கள். இரு கைகளை நீட்டினால் இரு சுவரும் இடிக்கும். ஹோமோசெப் வண்டியில் ஏறி வருகிற எந்திரம். அந்தச் சந்தில் வண்டி திரும்புமா? திரும்பாவிட்டால், இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய அளவில் அதைச் செய்ய முடியுமா? எந்தப் பிராஜெக்ட் சென்டரிலும் இதற்கு ஆயத்த விடை கிடையாது.