இணையவழிப் பாடசாலையைத் தெரியும் முறை

பாடசாலை என்றவுடன் வகுப்பறையும் மணியோசையும் வேப்பமர நிழலுமே எவர் மனத்திலுந் தோன்றும். ஐக்கிய அமெரிக்காவிலோ இவற்றுள் ஒன்றேனும் இல்லாத பாடசாலைகள் பல நடைபெறுகின்றன. ஒன்பதாந் தரம் முதற் பன்னிரண்டாந் தரம் வரையுள்ள மாணாக்கர் வீட்டிலிருந்தவாறே கணினி வாயிலாகப் பாடங்கேட்டு, ஒப்படைகளை எழுதி அனுப்பி, ஈற்றில் உயர்நிலைப் பாடசாலைச் சான்றிதழும் பெறுகின்றனர். நெடுநாள் நோயுற்ற பிள்ளை, விளையாட்டிலோ நடனத்திலோ பகலெல்லாம் பயிலும் பிள்ளை, சகமாணாக்கரின் துன்புறுத்தலாற் பாடசாலையை வெறுத்த பிள்ளை, தன்னூரிற் கற்பிக்கப்படாத உயர்கணிதத்தை விரும்பும் பிள்ளை எனப் பலர் இவற்றை நாடுவர். அந்நாட்டுப் பெற்றோர்க்கு ஏற்படும் இடர்ப்பாடு பாடசாலை கிடையாமை அன்று. கிடைப்பனவற்றுள் எதனைத் தெரிவது என்பதே.

ஆசிரியர் ஓரிடத்தும் மாணாக்கர் வேறோரிடத்தும் இருந்து கற்றல் புதியதொரு செயலன்று. இலண்டன் சர்வகலாசாலை 1858 ஆம் ஆண்டிலே தன் பட்டப் பரீட்சைகளை வெளிவாரி மாணாக்கர்க்குத் திறந்துவிட்டது. பகலிற் கற்பித்து இரவிற் படித்து அவ்வழியே பட்டதாரிகளான ஆசிரியர் இலங்கையிற் பலர். ஆயின் அவர்கள் வளர்ந்தோர். தம்மைத் தாமே நெருக்கிப் படிக்க வல்லவர். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அவ்வன்மை வாய்த்தல் அரிது. இவ்வேறுபாடே இக்கட்டுரைப் பொருளின் உயிர்நிலை எனலாம்.

அமெரிக்காவில் நெபிராஸ்காச் சர்வகலாசாலை 1929 ஆம் ஆண்டில் உயர்நிலைப் பாடங்களைத் தபால்மூலம் கற்பிக்கத் தொடங்கியது. 1997 ஆம் ஆண்டில் புளோரிடா மாநிலம் இணையவழி அரசினர் பாடசாலை ஒன்றை நிறுவியது. 2006 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் சர்வகலாசாலையின் இணையவழி உயர்நிலைப் பாடசாலை தோன்றியது. இவை யாவும் ஒரே பெயரால் அழைக்கப்படினும் ஒரே தன்மையன அல்ல. ஸ்ரான்போட் பாடசாலையிலே குறித்த வேளையில் ஆசிரியரும் மாணாக்கரும் திரையில் ஒருங்குகூடி உரையாடிக் கற்பர். அங்கே வாளாவிருக்கும் மாணாக்கன் அன்றே கண்டுகொள்ளப்படுவான். புளோரிடாப் பாடசாலையிலே மாணாக்கன் பெரும்பாலும் தனக்கு வசதியான வேளையிற் பாடத்தைத் தானே பயில்வான். முன்னைய முறைக்குப் பணமும் மணித்தியாலக் கட்டுப்பாடும் வேண்டும். பின்னைய முறைக்கு மனக்கட்டுப்பாடு வேண்டும். நோயாளிப் பிள்ளைக்குக் குறித்த வேளை என்பது பெருஞ்சுமை ஆதலும் உண்டு.

முதலில் ஆராயற்பாலது சான்றிதழின் மதிப்பு. பாடசாலைகளை ஆய்ந்து அங்கீகாரம் வழங்கும் சபைகள் அந்நாட்டில் உள்ளன. 'கொக்னியா' என்பது அவற்றுள் ஒன்று. பாடசாலையின் விளம்பரத்தை நம்பாது அச்சபையின் பதிவேட்டிலேயே பெயரைத் தேடிப் பார்த்தல் வேண்டும். 'பெல்போட் உயர்நிலைப் பாடசாலை' என்ற போலி நிறுவனம் சான்றிதழ்களை மட்டுமன்றித் தனக்கு அங்கீகாரமளிக்கும் சபைகளையுந் தானே கற்பித்துக்கொண்டது. ஏமாந்தோர் தொடுத்த வழக்கிலே 2012 ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்துச் சமஷ்டி நீதிமன்றம் அதற்கெதிராக 2 கோடி டொலருக்கு மேற்பட்ட தீர்ப்பு வழங்கியது. இஃது ஒரு வாயில்காப்பு மாத்திரமே. அங்கீகாரம் பெற்ற பாடசாலையும் பிள்ளையைக் கைவிடக்கூடும்.

அதனை அறிதற்குப் பாடசாலைக்குப் பணம் வரும் வழியை நோக்குதல் வேண்டும். ஒகையோ மாநிலத்திலே 'நாளைய மின்வகுப்பறை' எனப் பொருள்படும் பெயருடன் 2000 ஆம் ஆண்டில் ஒரு பாடசாலை தொடங்கிற்று. அரசினர் நன்கொடை அதற்குப் பதிவான மாணாக்கர் தொகைப்படி கிடைத்தது. ஏறக்குறைய 15,000 மாணாக்கர்க்குப் பணம் பெற்ற ஆண்டொன்றில் அவர்கள் உண்மையிற் கற்ற நேரத்துக்குச் சான்று எங்கே என மாநிலம் வினவியபோது, அவருட் பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சான்று கிடைத்திலது. 6 கோடி டொலர் திருப்பித் தரும்படி கட்டளை பிறந்தது. 2018 ஆம் ஆண்டு தை மாதத்தில், கல்வியாண்டின் நடுவே, பாடசாலை மூடப்பட்டது. ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் வேறிடந் தேடி அலைய நேர்ந்தது. பெயர்ப்பட்டியலில் இருந்து திரையில் வாராத பிள்ளையைத் தேடுவதால் அப்பாடசாலைக்கு ஊதியம் யாதுமில்லை என்பதே இதன் உட்கிடை.

புளோரிடாவில் நிலைமை வேறு. 2003 ஆம் ஆண்டு முதல் அப்பாடசாலைக்கு மாணாக்கன் பாடத்தைச் சித்தியுடன் முடித்தாலன்றி அரசினர் பணங் கிடையாது எனச் சட்டஞ் செய்யப்பட்டது. ஆகவே வேலை அனுப்பாத பிள்ளையை ஆசிரியர் தொலைபேசியில் அழைக்கின்றார்; பெற்றோருடனும் பேசுகின்றார். எளிதிற் புள்ளி வழங்கிச் சித்தியைப் பெருக்கும் ஆசை இம்முறையில் எழாதோ என ஐயுறுவோர் உளர்; அவ்வையம் நியாயமானதே. அதற்கோர் மாற்றாக, பாடப்பகுதிகளின் இறுதியில் ஆசிரியர் மாணாக்கனுடன் வாய்மொழியாக உரையாடி அவன் விளங்கிக்கொண்டதை அளக்கும் முறை அங்குண்டு. கட்டுரைகளை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 2022 ஆம் ஆண்டின் பின் எல்லார் கைக்கும் எட்டியிருக்கும் இக்காலத்தில், வாய்மொழிப் பரீட்சை இல்லாத பாடசாலை தன் மாணாக்கன் கற்றானா என்பதை எங்ஙனம் அறியும்?

2015 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் சர்வகலாசாலையைச் சார்ந்த ஆய்வு நிலையமொன்று, அரசினர் பணத்தில் இயங்கும் இணையவழிச் 'சாட்டர்' பாடசாலைகளை ஆராய்ந்தது. ஒத்த நிலையிலுள்ள சாதாரண பாடசாலை மாணாக்கருடன் ஒப்பிட, 180 நாள் கொண்ட கல்வியாண்டிலே வாசிப்பில் 72 நாட்கள் கற்குமளவும் கணிதத்தில் 180 நாட்கள் கற்குமளவும் இவர்கள் பின்தங்கினர் என அது கணக்கிட்டது. கற்றலை நாட்கணக்கிற் கூறுதல் பொருந்துமோ என்று கல்வியாளர் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தைத் தள்ளினும் கொள்ளினும், கணிதம் வீட்டிற் றனித்துப் பயிலும் பிள்ளைக்கு எத்துணைக் கடினம் என்பது கண்கூடு. அதே ஆண்டில் வெளியான இன்னோர் ஆய்வு காரணத்தையுஞ் சுட்டியது: இப்பாடசாலைகளில் மாணாக்கன் ஒரு கிழமையில் ஆசிரியருடன் நேரே கற்கும் நேரம், சாதாரண பாடசாலை மாணாக்கன் ஒரே நாளிற் பெறும் நேரத்திலுங் குறைவு. எஞ்சிய பொழுது தாய்தந்தையர் தலைமேல் விழுகின்றது. இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில் அதனை யார் சுமப்பார்? பெற்றோர் பிள்ளையின் வன்மையை ஆராயுமுன் தம் நாளின் மணித்தியாலங்களை எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆகவே பாடசாலை அதிபரிடங் கேட்கற்பாலது, எத்தனை பாடங்கள் உள என்பதன்று. ஒரு கிழமை ஒன்றும் அனுப்பாத மாணாக்கனுக்கு எட்டாம் நாள் யாது நிகழும், அவனை அழைப்பவர் யார் என்பது. ஓர் ஆசிரியர் பொறுப்பில் எத்தனை மாணாக்கர் என்பதும், திருத்திய ஒப்படை எத்தனை நாளில் மீளும் என்பதும் அடுத்துக் கேட்கத் தகுவன. திருத்தப்பட்ட கட்டுரை ஒன்றைப் பெயர் நீக்கிக் காட்டச் சொல்லலாம். 'நன்று' என ஒரு சொல் மாத்திரம் எழுதப்பட்டிருப்பின் அதுவே விடை. இரசாயனச் செய்முறை எங்கே நடைபெறும், இடையில் விலகினாற் பெறுபேற்றுச் சான்றை மற்றைப் பாடசாலை ஏற்குமோ என்பனவும் அறியவேண்டியன. கல்லூரி விளையாட்டுக்களை நிருவகிக்கும் அமெரிக்கச் சங்கம், ஆசிரியர் மாணாக்கருடன் பாடம் முழுவதும் தொடர்பு கொள்ளாத பாடங்களை ஏற்பதில்லை. விளையாட்டு வீரரின் பெற்றோர் இதனைப் பிந்தி அறிந்து வருந்துவர்.

நெபிராஸ்காப் பாடசாலையும் புளோரிடாப் பாடசாலையும் தனியொரு பாடத்துக்கும் மாணாக்கரைச் சேர்த்துவந்தன. பிள்ளையை முழுவதும் மாற்றுமுன், கோடை விடுமுறையில் இங்ஙனம் ஒரு பாடத்தைப் பயிற்றிப் பார்த்தல் கூடும். அதற்குக் கணிதத்தையே எடுத்துக்கொள்வது தக்கது. மூன்றாங் கிழமையளவில் பிள்ளை தானே கணினியின் முன் அமர்கின்றதா, தாய் அழைத்து அமர்த்த வேண்டியிருக்கின்றதா என்பது வீட்டார்க்குத் தெரிந்துவிடும்.