பம்மல் சம்பந்த முதலியாரின் நகைச்சுவை நூல்கள்

தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்பெறும் பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரைக் கேள்வியுறாதார் நம்முள் அரியர். ஆயினும் அப்பெயரைச் சொன்ன அளவில் 'மனோகரா' ஒன்றே நினைவிற்கு வருகின்றது. அதுவும் 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படத்தின் வாயிலாகவே வருகின்றது. அவர் இயற்றிய தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களுள் பல, மக்களைச் சிரிப்பிப்பதற்கென்றே எழுதப்பட்டவை என்பதும், அவை சிறு சிறு புத்தகங்களாக அச்சேறி உலவின என்பதும் தமிழ் பயிலும் மாணவர்க்கே தெரிவதில்லை. தெரிந்தவரும், 'அவை வெறும் பொழுதுபோக்கு. இலக்கியமாகா' என ஒதுக்கிவிடுகின்றனர். அங்ஙனம் ஒதுக்குதல் தகுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முதலியார் 1873-ல் சென்னையிற் பிறந்தவர். வழக்கறிஞர் தொழில் புரிந்து, 1924-ல் சென்னைச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் நீதிபதியாக அமர்ந்தவர். இளமையில் தமிழ் நாடகங்களின் மீது அவருக்கு மதிப்பே இல்லை. 1891-ஆம் ஆண்டில் பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார், கற்றோரைக் கொண்ட தம் குழுவுடன் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடத்திக் காட்டினார். அவற்றைக் கண்ட இளைஞர், அவ்வாண்டிலேயே நண்பர் சிலருடன் கூடிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வழக்கறிஞரும் அரசாங்க உத்தியோகஸ்தரும் கூச்சமின்றி முகத்தில் அரிதாரம் பூசத் தொடங்கியது அச்சபையில்தான். இச்செய்திகளை அவரே 'நாடக மேடை நினைவுகள்' என ஆறு பாகங்களாக எழுதி வைத்துள்ளார். விரும்புவோர் ஆண்டுக் காண்க.

நம் பொருளுக்கு வேண்டுவது வேறொன்று. அந்நாளைய நாடக மேடையில் சிரிப்பு இல்லாமல் இல்லை; மிகுதியாகவே இருந்தது. ஆனால் அது பபூன் என்னும் கோமாளியின் உடைமையாக இருந்தது. மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மேலூர்ப் பக்கத்திலும் திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களிலும் கோயில் திருவிழாக்களில் இரவு முழுதும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகங்களைக் கண்டவர், கதை தொடங்குமுன் பபூன் வந்து தனியே அரங்கை ஆள்வதை அறிவர். வள்ளியும் முருகனும் தோன்றுமுன் அவன் ஊராரைச் சிரிக்க வைத்துவிடுவான். அச்சிரிப்பிற்கும் பின்னே வரும் கதைக்கும் பெரும்பாலும் தொடர்பு இராது. அவன் பேசுவது அவன் நாவிலே பிறந்து, அவ்விரவோடே மறைவது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்துச் சிறுவர்க்குப் பாட்டும் வசனமும் நெட்டுருச் செய்வித்தார். அதனால் அவர்தம் பாடல்கள் நிலைத்தன. பபூனுடைய சொற்களையோ எழுதி வைத்தார் இலர். எத்தனை தலைமுறைச் சிரிப்பு இவ்வாறு காற்றோடு போயிற்றென்று எண்ணுங்கால் நமக்கு ஏக்கமே உண்டாகிறது.

முதலியார் செய்த புதுமை யாதெனின், சிரிப்பைக் கோமாளியிடமிருந்து வாங்கிக் கதையினிடம் ஒப்படைத்ததாம். அவருடைய பிரகசனங்களில் இடையே வந்து போகும் விதூஷகன் தேவையில்லை, கதையே சிரிப்பு. அதனை வசனமாக எழுதி அச்சிலும் ஏற்றியமையால், வேறோர் ஊரில் வேறொரு கூட்டத்தார் வேறோர் ஆண்டில் அதே சிரிப்பை மீட்டும் எழுப்ப இயன்றது.

இதற்குச் சிறந்த சான்று 'சபாபதி'. செல்வம் மிக்க ஜமீன்தார் சபாபதி முதலியார். அவரிடம் வேலைக்காரன் ஒருவன். அவன் பெயரும் சபாபதி. இவ்விருவரையும் கொண்டு தொடங்கிய சிறு நாடகம் மக்கள் விருப்பத்தால் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என வளர்ந்தது. தமிழ்ப் பேசும் படங்கள் 1931-ல் தோன்றிய பின்னர், 'சபாபதி முதலியாரும் பேசும் படமும்' என்றே ஒரு நூல் எழுந்தது. வேலைக்காரச் சபாபதி சொன்னதைச் சொன்னபடியே செய்பவன். அதனாலேயே எல்லாவற்றையும் கெடுப்பவன். நாமே ஓர் உதாரணம் கற்பித்துக் கூறுவோமாயின், 'நான் வரும்வரை வாயிற்கதவைப் பார்த்துக்கொள்' என்று எசமானர் சொல்லிச் சென்றால், இத்தகையவன் இமை கொட்டாமல் கதவையே பார்த்து நிற்பான். கொல்லைப்புறமாகத் திருடன் சென்றால் அது அவன் பொறுப்பன்று. அவன் கட்டளையை மீறவில்லையே!

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியம் நினைவிற்கு வராமற் போகாது. மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்த ஆசிரியர், அது பிறக்கும் நிலைக்களன்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக வகுத்தார். பேதைமைக்கும் மடனுக்கும் வேறுபாடு யாதென நாம் வகுப்பில் மயங்குவதுண்டு. பேதைமையாவது அறிவின்மை, மடனாவது பிறர் கொளுத்தியதை அவ்வாறே பற்றிக்கொண்டு, பற்றியதை விடாமை என்பது உரையாசிரியர் காட்டும் நெறி. இந்நுணுக்கத்தை விளக்க வேலைக்காரச் சபாபதியினும் பொருத்தமான எடுத்துக்காட்டு வேண்டுமோ? அவன் பேதை அல்லன், மடவோன். இதற்கு மாறாக வீரமாமுனிவர் படைத்த பரமார்த்த குருவின் சீடர்கள் ஐவரும் பேதைமைக்கே இலக்கியம். அவர்தம் பெயர்களுள் மடையன், பேதை என்னும் இரண்டும் இருத்தல் நோக்கத்தக்கது. மதுரை மிஷனைச் சார்ந்த அவ்வித்தாலியத் துறவி தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கண நூலும் செய்தவர். ஆதலின் அப்பெயர்களைக் கண்மூடி இட்டிருப்பார் என நாம் கருதவில்லை. அக்கதை 1822-ல் லண்டன் மாநகரில் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. அதற்கு ஏறத்தாழ நூறாண்டு பின்னர் வந்த முதலியாரின் சபாபதியையும் அவ்வரிசையிலேயே வைத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.

ஆனால் வேலைக்காரனைக் கண்டு மட்டும் சிரித்துவிட்டு நூலை மூடுவோர் பாதியையே படித்தவராவர். இருவர்க்கும் ஒரே பெயரை ஆசிரியர் ஏன் இட்டார்? எசமானரின் அறிவு வேலைக்காரனின் அறிவினும் பெரிதும் மேம்பட்டதன்று. ஒருவர் பட்டு உடுத்திய சபாபதி. மற்றவன் கந்தை உடுத்திய சபாபதி. இடையே நிற்பது செல்வம் ஒன்றே. இதனை ஆசிரியர் எவ்விடத்தும் உபதேசமாக உரைப்பதில்லை. பெயரை ஒன்றாக்கிவிட்டு வாளா இருந்துவிட்டார். 1941-ல் ஏ. வி. மெய்யப்பனார் இதனைத் திரைப்படமாக எடுத்தபொழுது டி. ஆர். ராமச்சந்திரன் எசமானராகவும் காளி என். ரத்தினம் வேலைக்காரனாகவும் நடித்தனர். அப்படம் இன்றும் பார்த்துச் சிரிக்கத்தக்கதாகவே உள்ளது.

எமக்கு இவற்றினும் மேலாகத் தோன்றுவது 'சந்திரஹரி'. அரிச்சந்திரன் என்னும் பெயரையே தலைகீழாக்கி அமைத்த பெயர் இது. அரிச்சந்திரன் உயிர் போயினும் பொய் சொல்லாதவன்; சந்திரஹரி எது போயினும் மெய் சொல்லாதவன். பெரியோர் கதையை இங்ஙனம் நையாண்டி செய்யலாமா என்று முகஞ்சுளிப்பார் உண்டு. சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டு மனமுருகியதைக் காந்தியடிகள் தம் சரிதையில் எழுதியிருத்தலை நாம் மறக்கவில்லை. மயான காண்டத்தில் சந்திரமதி மகனை மடியிற் கிடத்திப் புலம்பும்பொழுது நம் பக்கத்துச் சிற்றூர்களில் அழாத கண் இராது. அவ்வளவு பேர் அழுத கதையாதலினாற்றான், அதனைக் கவிழ்த்தவுடன் அவ்வளவு பேரும் சிரிக்க இயலுகின்றது. மக்கள் அறியாத கதையைக் கவிழ்ப்பின் யார் சிரிப்பார்? மேலும், எத்துன்பம் வரினும் தன் விரதத்தைக் கைவிடாத பொய்யனைக் காணும்பொழுது, உறுதி என்பது தன்னளவில் நற்குணமா, அது பற்றிய பொருளைப் பொறுத்ததா என்ற வினா சிரிப்பினூடே எழுகின்றது. இதுவும் 1941-ல் திரைக்கு வந்தது; கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்தார்.

'காளப்பன் கள்ளத்தனம்' பிரெஞ்சு நாட்டு மோலியேர் 1671-ல் எழுதிய ஸ்கேப்பன் நாடகத்தின் தழுவல். மோலியேரும் அக்கதையை ரோமானியப் புலவர் டெரென்ஸிடமிருந்து எடுத்தவரே. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அமலாதித்யன் எனவும் வாணீபுர வணிகன் எனவும் தமிழாக்கிய கைக்கு இது அரிதன்று. எனினும் கடன் வாங்கிய இச்சிரிப்பு, சொந்தச் சிரிப்பாகிய சபாபதியின் அளவு நம்மை ஈர்க்கவில்லை.

குறைகளும் உள. பாகங்கள் பெருகப் பெருகச் சபாபதியின் சுவை குன்றுகிறது. ஒரு மடமையை எத்தனை முறைதான் கண்டு நகைப்பது? பெண்டிரைப் பற்றிய பரிகாசங்கள் சில இன்று செவிக்கு இனியன அல்ல. நடையும் அந்நாளைய சென்னை நடை, 'இது தமிழா?' என்று நம் விடுதி நண்பர் ஒருவர் வினவினார். அவர் முதன்முறை தனியே அமர்ந்து 'சபாபதி'யைப் படித்தபொழுது ஒருமுறையேனும் சிரித்தாரில்லை. பின்னர் ஒரு ஞாயிறு மாலையில் நாங்கள் ஐவர் கூடிப் பாத்திரங்களைப் பங்கிட்டுக்கொண்டு உரக்கப் படித்தோம். அடுத்த அறையினர் வந்து கதவருகே நின்றனர். வேலைக்காரன் பகுதியைப் படித்த அந்நண்பர் சிரிப்பு மேலிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டார். பிரகசனம் கண்ணுக்கு எழுதப்பட்டதன்று. வாய்க்கும் செவிக்கும் எழுதப்பட்டது. அதனைச் செய்யுள் நூல் போல மௌனமாகப் படித்துவிட்டு, இலக்கியமன்று எனத் தீர்ப்பளித்தல் வழக்கின் ஒரு பக்கத்தையே கேட்ட நீதிபதியின் செயலை ஒக்கும்.

ஆங்கில வகுப்பில் மார்க் ட்வேனைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதுவோர், தமிழ் வகுப்பில் முதலியாரைப் படிக்கக் கூசுவதேன்? அவர் 1964-ல் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியுள்ளது. ஆதலின் யாவரும் அச்சிடலாம், யாவரும் நடிக்கலாம், அனுமதி வேண்டியதில்லை. கல்லூரி நாளுக்கு நாடகம் தேடி அலையும் தமிழ் மன்றத்தார் இதனைக் கருத்திற் கொள்வாராக. புதிதாகப் படிக்கப் புகுவோர் 'சபாபதி' முதற் பாகத்தில் தொடங்குக. ஐவர் அறுவர் கூடிப் படிக்க. 'சந்திரஹரி'யை அதன்பின் எடுக்க. அதற்கு முன்னர்ப் பங்குனி சித்திரைத் திருவிழாக்களில் பக்கத்து ஊர் ஒன்றிற்குச் சென்று, பாயும் போர்வையும் கொண்டு, விடியும்வரை அமர்ந்து மயான காண்டத்தை ஒருமுறை பார்த்து வருதல் நலம். பபூனையும் கண்டு வரலாம்.