சார், அது அவர் இடம்!

இங்கிலாந்தில், பக்கிங்ஹாம்ஷயரில் கிரேட் மிஸ்ஸென்டன் என்று ஒரு கிராமம். லண்டனிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். ஆபீஸ் வேலையாகப் போனவன், லண்டன் ஓட்டல் வாடகைக்குப் பயந்து அங்கே ஒரு வீட்டு மாடியில் ஒரு வாரம் தங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. ஸ்டேஷனில் நல்ல கூட்டம். ஆனால் பேச்சு மூச்சு இல்லை! ஓரிடம் காலியாக இருக்கவே, போய் நின்றேன். ஓவர்கோட் போட்ட ஓர் ஆசாமி வந்தார். அரையடி தள்ளி நின்றார். கனைத்தார். வாட்சைப் பார்த்தார். அப்புறம் என் ஷூவைப் பார்த்தார். எதுக்கு வம்பு என்று நான் ஆகாயத்தைப் பார்த்தேன். ரயில் வந்தது. கதவு சரியாக என் மூக்குக்கு நேரே திறந்தது!

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். ரிட்டயரானவர். முப்பது வருஷம் இதே ரயிலில் போய் வந்தவர். பதறிவிட்டார்.

"ஐயையோ, அது அவர் இடமாச்சே!" (இங்கிலீஷ் ஐயையோதான்.) கதவு எங்கே வரும் என்பது அங்கே அவரவருக்கு அத்துப்படியாம். இடம் மாறி நிற்பது மரியாதையில்லையாம்.

1892-ல் மெட்ரோபாலிடன் ரயில்வே திறந்த ஸ்டேஷன் அது. முக்கால் மணி நேரத்தில் லண்டன் மேரிலபோன். அந்த மேரிலபோனையே மூடிவிடலாம் என்று 1984-ல் பிரிட்டிஷ் ரயில் கிளம்பியது. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு பஸ் விடுகிற யோசனைகூட இருந்தது. 1986-ல்தான் கைவிட்டார்கள்.

"ரெண்டு வருஷம் வயித்துல புளியைக் கரைச்சாங்க. அப்போ மட்டும்தான் பிளாட்பாரத்துல ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டோம்" என்றார்.

ரயிலே பிடிக்காமல் பிழைத்தவரும் இந்த ஊரில் உண்டு. 1954-லிருந்து 1990-ல் காலமாகும்வரை இங்கே குடியிருந்த எழுத்தாளர் ரோல்ட் டால். தோட்டத்துக் குடிசைதான் அவருக்கு ஆபீஸ். கொடுத்து வைத்தவர்!

இப்போது பாதி ஊருக்கு அந்த யோகம்தான். 2020-ல் கொரோனா வந்த பிறகு பலர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். திங்களும் வெள்ளியும் பிளாட்பாரம் ஈ ஓட்டுகிறது. "இப்படியே போனா மறுபடியும் எவனாவது கணக்குப் பார்க்க ஆரம்பிச்சுடுவான்" என்பது வீட்டுக்காரரின் கவலை.

வியாழனன்று நாலடி தள்ளி நின்றேன். ஓவர்கோட்காரர் வந்தார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார்! வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் முகம் சுருங்கிவிட்டது.

"மூணே நாள்லயா? எனக்கு ஆறு வருஷம் ஆச்சு!"

வெள்ளிக்கிழமை ஓவர்கோட்காரர் வரவில்லை. அவர் இடத்தில் யாரும் இல்லை, பக்கத்திலும் இல்லை. இருந்தாலும் நான் நாலடி தள்ளியே நின்றேன்.