கோடும் வெற்றிடமும்

சீனன்குடாவிலிருந்து மாணவரொருவர் எழுதிய கடிதத்தில், எக்ஸ்எம்எல் ஆவணத்தை ஜாவா நிரலின் பொருள்களாக மாற்றித்தரும் ஜாக்ஸ்-பி என்னும் கருவி, தாம் கேளாமலே ‘ஆப்ஜெக்ட் ஃபேக்டரி’ என்றொரு கோப்பையும் உண்டாக்கி வைப்பதேன், அதை அழித்துவிட்டால் பாதகமுண்டோ என்று வினவியிருந்தார்.

அழிக்கலாகாது. 2003இல் வெளியான முதற்பதிப்பில், ஆவணத்தின் இலக்கணமாகிய ஸ்கீமாவைப் படித்து அக்கருவி நம் கையில் தந்தவை இடைமுகங்களே. இடைமுகமென்பது இன்ன வினாவுக்கு விடை தருவேனென்னும் வாக்குறுதி மாத்திரமாதலால் அதனைக்கொண்டு நேரே பொருளைப் படைத்தல் இயலாது. வாக்கை நிறைவேற்றும் வகுப்புகள் திரைக்குப் பின்னே நிற்க, அவற்றிலிருந்து பொருளை ஆக்கித்தரும் உத்தியோகம் ஃபேக்டரிக்கு வாய்த்தது. 2006இன் இரண்டாம் பதிப்பு வகுப்புகளையே நேரே தந்துவிட்டது. ஆயினும் ஃபேக்டரி ஓய்வு பெறவில்லை. அதன் காரணமே எனக்குப் பிரியமான விசித்திரம்.

கடிதக்காரரின் ஊரில் பிரித்தானியர் விட்டுச்சென்ற எண்ணெய்க் குதங்களுக்கு ஓர் எக்ஸ்எம்எல் பதிவேடு எழுதுவதாகக் கொள்வோம். வற்றிய குதத்துக்கு அளவு 0. இன்னும் கோல் விட்டுப் பாராத குதத்துக்கு ‘அளவு’ என்னும் உறுப்பே ஆவணத்தில் இராது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானத் தாக்குதலில் அழிந்த குதத்துக்கோ, உறுப்பை எழுதி, ‘நில்’ என்று குறிக்கவேண்டும். பின்னிரண்டும் சாதாரண ஜாவாப் பொருளில் ‘நல்’ என்ற ஒன்றாகவே கலந்துபோகும். ஆகவே, இல்லாமலும் இருக்கலாம், ‘நில்’லாகவும் இருக்கலாமென்று ஸ்கீமா அனுமதிக்கும் உறுப்பை, ‘ஜாக்ஸ்-பி எலிமென்ட்’ என்னும் உறையிலிட்டுத் தருகிறது ஃபேக்டரி. உறையே இல்லையேல் எழுதப்படவில்லை. உறையிருந்து உள்ளே வெறுமையாயின், ‘நில்’ என்று எழுதப்பட்டது.

என் தகப்பனார் கடைக் கொப்பியில், கடனில்லாதவர் பெயருக்கு நேரே ஒரு கோடு இழுப்பார். இன்னும் விசாரியாதவர் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதார். புதிதாய் வந்த கணக்கப்பிள்ளை இரண்டையும் பூச்சியமென்றே பெயர்த்தெழுதியதால், விசாரிக்க வேண்டியவர்கள் யாரென்பது அவ்வாண்டு ஒருவருக்கும் தெரியாமற்போயிற்று. இக்கால நிரலாளரோ, உறையைப் பிரிக்கும் சிரமத்துக்கு அஞ்சி, அது வேண்டாமென்று கருவிக்கு ஒரேயொரு வரியில் கட்டளையிட்டுவிடுகின்றனர். கணக்கப்பிள்ளை அறியாமற் செய்ததை இவர்கள் அறிந்தே செய்கிறார்கள்.

2018இல் வந்த ஜாவா 11 முதற்கொண்டு ஜாக்ஸ்-பியைத் தனியே தருவித்துச் சேர்க்கவேண்டும். சேர்த்தபின், மாணவர் அக்கோப்பைத் திறந்து, ‘கிரியேட்’ என்று தொடங்கும் முறைகளுள் எவையெவை உறையைத் திருப்பித் தருகின்றன என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக.