சர்வர் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? பதற வேண்டாம், வழி இருக்கு!

மெயில் பாஸ்வேர்டு மறந்தால் மொபைலுக்கு ஓ.டி.பி வந்துவிடும். அலுவலகத்தின் மொத்தக் கணக்கும் இருக்கும் சர்வரின் அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனால்?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் ஒரு சின்ன ஷிப்பிங் ஏஜென்சி என்று வைத்துக்கொள்வோம். சர்வரை அமைத்துக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். பாஸ்வேர்டு அவருக்கே நினைவில்லை. அன்றாட வேலை ஓடும். ஆனால், புதிய ஊழியருக்குக் கணக்கு தொடங்க முடியாது. பேக்கப் நின்றுபோனாலும் சரிசெய்ய முடியாது.

சர்வருக்கே தெரியாது!

லினக்ஸ் சர்வர் உங்கள் பாஸ்வேர்டை அப்படியே சேமிப்பதில்லை. அதை அரைத்து, 'ஹாஷ்' என்ற எழுத்துக் கோவையாக மாற்றி வைக்கிறது. அரைத்த மாவிலிருந்து அரிசியை எடுக்க முடியாதல்லவா? அதேபோலத்தான். அரைக்கும் முன் கொஞ்சம் 'சால்ட்'டும் சேர்க்கிறது. ஆமாம், உப்பேதான்! இருவர் ஒரே பாஸ்வேர்டு வைத்தாலும் ஹாஷ் வேறுபடுவதற்காகச் சேர்க்கப்படும் எழுத்துகள் இவை. 1979-லேயே ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் இந்த முறையை விளக்கி எழுதினார்கள்.

எனவே, பழையதைத் தேடுவதைவிடப் புதியது வைப்பதே வழி.

என்ன செய்யலாம்?

* அட்மின் அதிகாரம் உள்ள இன்னொரு கணக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் இரண்டு நிமிட வேலை.

* இல்லையென்றால், உரிமையாளரின் அனுமதியோடு, வேலை நேரம் முடிந்தபின் சர்வருக்கு நேரில் போக வேண்டும். ரீஸ்டார்ட் செய்து, தொடக்க மெனுவில் ஒரு வரியைத் திருத்தினால், பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே போகலாம். அங்கே புதிய பாஸ்வேர்டு வைத்துவிடலாம்.

* கிளவுடு சர்வர் என்றால், அதன் டிஸ்க்கை வேறொரு சர்வரோடு இணைத்து மாற்றலாம்.

அப்படியானால், சர்வர் அறைக்குள் நுழையும் யாரும் இதைச் செய்யலாமே? செய்யலாம்! அதனால்தான் அறையின் பூட்டும் பாஸ்வேர்டு அளவுக்கு முக்கியம். டிஸ்க்கையே என்கிரிப்ட் செய்திருந்தால் இந்த வழி பலிக்காது. ரெக்கவரி கீயோ, பேக்கப்போ இருந்தால்தான் தப்பிக்கலாம்.

நார்வே தந்த பாடம்

நார்வேயின் ஐவர் ஆசென் மையத்தில், ரெய்டார் ஜூபெடால் என்ற அறிஞரின் நூல் சேகரிப்புக்கான கணினிப் பட்டியல் இப்படித்தான் பூட்டிக்கொண்டது. அதைத் தயாரித்தவர் பாஸ்வேர்டைச் சொல்லாமலே இறந்துவிட்டார். 2002-ல் மையம் வெளியுலகத்திடம் உதவி கேட்டது. விரைவிலேயே விடை கிடைத்தது. 'ஜூபெடால்' என்ற பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதியதுதான் பாஸ்வேர்டு!

அவ்வளவு எளிதாக இருந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். வலுவான பாஸ்வேர்டு வைத்திருப்பவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

இன்றே செய்ய வேண்டியது இதுதான்: அட்மின் கணக்கு இரண்டு பேரிடம் இருக்கட்டும். பாஸ்வேர்டை எழுதி, கவரில் ஒட்டி, பீரோவில் பூட்டுங்கள். கவரை யார் பிரிக்கலாம் என்பதையும் மேலே எழுதிவிடுங்கள். பொறுப்பாளர் வேலையை விட்டுப் போகும் நாளிலேயே பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.